தட்டில் கட்டைவிரல்

அவருக்கு வேலை கிடைத்து இருபத்தெட்டு வருடம், கல்யாணமாகி இருபத்தாறு வருடம், வயிற்று வலி வந்து பதினோரு வருடம். மூன்றில் எது விசுவாசமானது என்று கேட்டால் யோசிக்காமல் வலியைத்தான் சொல்வார். மற்ற இரண்டும் அவ்வப்போது லீவு கொடுத்திருக்கின்றன.

எடையளவு ஆய்வாளர் அவர். கடை கடையாய்ப் போய்த் தராசுகளைச் சோதிப்பது உத்தியோகம். கறுப்புப் பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருக்கும் பித்தளை எடைக்கற்களை வெறுங்கையால் தொடமாட்டார். விரலின் ஈரம் பட்டால் எடை மாறிவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை என்பது மனைவியின் கட்சி. தராசு சரியென்றால் முத்திரை, தப்பென்றால் மஞ்சள் நோட்டீஸ். தட்டின் விளிம்பில் கட்டைவிரலை நைசாக ஊன்றி எடை கூட்டும் கடைக்காரரைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

"அந்த விரலையும் சேத்துப் பொட்டலம் கட்டிக் குடுப்பியாப்பா?" என்பார். கடைக்காரர் முகம் வெளிறிப்போகும்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் 'தராசு'. அதில் அவருக்கு வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைதான்.

தராசின் வலி தொப்புளுக்கு இடப்பக்கம், நாலு விரல் கீழே. குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எடுக்கக் கூசுகிற மற்றதையும் எடுத்தார்கள். எல்லாத் தாளிலும் 'இயல்பு நிலை' என்றே வந்தது. இன்னொருவர் என்றால் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். அவருக்கோ ஒவ்வொரு 'இயல்பு நிலை'யும் மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. பதினோரு வருடத் தாள்களையும் ஒரு பைலில் கோத்து, மேலே 'ஆதாரம்' என்று எழுதி வைத்திருந்தார். எதற்கு ஆதாரம் என்று அதற்குள் எங்கும் இல்லை.

இதெல்லாம் போதாதென்று மச்சான் வேறு. மனைவியின் அண்ணன், முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறரைத் திருத்தும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஞாயிறு தவறாமல் வருவார்.

"எல்லாம் மனசு மாப்பிள்ளை. மூளைதான் ஸ்டியரிங். வயிறு வெறும் டயரு. டயர் தேஞ்சா டயரையா திட்டுவீங்க?"

"டயரு வலிக்குதுன்னு சொல்லாது மச்சான்."

"பாத்தீங்களா, உடனே டென்ஷன் ஆவுறீங்க. அதான் வியாதி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மாற்றல் உத்தரவு வந்தது. நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்தி நிறுக்கும் எடைமேடைக்குப் பொறுப்பாகப் போக வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. கழிவறை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, பெட்ரோல் பங்கில். அதன் சாவியை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒரு லாரி டயரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவசரத்துக்குப் போகிறவன் டயரையும் உருட்டிக்கொண்டு போக வேண்டும். பார்த்த மாத்திரத்திலேயே வயிறு கூப்பாடு போட்டது.

மேலதிகாரியிடம் பைலோடு போய் நின்றார்.

"இதுல எல்லாமே நார்மல்னுதானய்யா இருக்கு?"

"வலி இருக்கு சார்."

"உடம்பு நோய்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, மாற்றலை நிறுத்தலாம். மனசு சமாச்சாரம்னா விதியில இடமில்ல. மூணு மாசம் டைம்."

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தார். நாள்பட்ட வயிற்று வலியில் மூளைக்கும் மன அழுத்தத்துக்கும் என்ன பங்கு என்று ஓர் ஆராய்ச்சி, தன்னார்வலர்கள் தேவை. நமக்கு மன அழுத்தமே இல்லை, வலி மட்டும் இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதி வாங்கிவிட்டால்? மேலதிகாரி, மச்சான் இரண்டு பேர் வாயையும் ஒரே தாளில் அடைத்துவிடலாம். பெயரைக் கொடுத்தார்.

ஆராய்ச்சி செய்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவளை 'டாக்டரம்மா' என்றார். அவள் ஒரு நோட்டும் மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டையும் கொடுத்தாள். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுத வேண்டும். வலி எவ்வளவு, மன அழுத்தம் எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பக்கத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி.

"பத்துன்னா எவ்வளவு?" என்றார் தராசு.

"நீங்க கற்பனை பண்ணக்கூடிய மோசமான வலி சார்."

"என் கற்பனையும் உங்க கற்பனையும் ஒரே அளவா?"

"இல்லைதான்..."

"அப்ப இது முத்திரை வாங்காத தராசு டாக்டரம்மா. இதை வச்சுக் கடை நடத்துறீங்களே!"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் நோட்டின் முதல் பக்கத்தில் தானே அளவுகளை நிர்ணயித்தார். பல் பிடுங்கியது நாலு. கார்க் கதவில் விரல் நசுங்கியது ஆறு. குழாய் விட்டுப் பார்த்தது எட்டு. பத்துக்கு நேரே காலியாக விட்டார். தகுந்த எடைக்கல் கைவசம் இல்லை.

பட்டை எதற்கு என்றும் அவள் விளக்கமாகத்தான் சொன்னாள். அவர் அதைத் திருப்பித் திருப்பி, முத்திரை எங்கே குத்தியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்ததில் அது காதில் விழவில்லை.

நாலு வாரம் எழுதினார். வலிப் பத்தியில் அரிச்சந்திரன் தோற்றான். ஐந்தா ஆறா என்று இரண்டு நிமிடம் கண்ணை மூடி யோசித்துத்தான் போடுவார். அடுத்த பத்தியில் மட்டும் யோசனையே கிடையாது, பூஜ்யம். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கத்திய திங்கட்கிழமை, பூஜ்யம். எடைமேடைக்குச் சாமான் ஏற்ற வண்டி எப்போது வேண்டும் என்று ஆபீஸ் பியூன் விசாரித்த புதன்கிழமை, பூஜ்யம். ஞாயிறு மச்சான் வந்து மூளை, ஸ்டியரிங், டயர் என்று முதலிலிருந்து ஆரம்பித்தபோது மணி இரண்டு. வலி ஏழு. அழுத்தம் பூஜ்யம்.

மனைவி மேசை துடைக்கும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, எங்கண்ணன் வந்துட்டுப் போன நேரத்துக்குக்கூடவா பூஜ்யம்? கூடப் பிறந்த எனக்கே மூணு இருந்துச்சு."

"உனக்கு இருக்கும். எனக்கில்ல."

"சரி, பல்லை ஏன் கடிக்கிறீங்க?"

"பல்லுக்கு இதுல பத்தி இல்ல."

நாலு வாரம் முடிந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். அவர் உட்காரும் முன்பே அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், எங்க ஆராய்ச்சியிலயே நீங்கதான் அதிசயம். இருநூத்திப் பதினாலு பேர்ல மன அழுத்தமே இல்லாத ஒரே ஆள்."

தராசின் முகத்தில் பதினோரு வருடமாகக் காணாத ஒளி. "அதை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"ஒரே ஒரு சந்தேகம் சார். உங்க மணிக்கட்டு வேற மாதிரி சொல்லுது."

திரையில் ஒரு கோடு. அமைதியாகப் போய், திடீரென்று எகிறி, மறுபடி அடங்கி, மறுபடி எகிறி, சீப்பின் பல் போல வரிசையாக நின்றது. நாளைக்கு எட்டுப் பல்.

"இது உங்க நாடித்துடிப்பு. மேலதிகாரி கத்தின அன்னிக்கு ஏறியிருக்கு, அது புரியுது. ஆனா தினமும் ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டுன்னு மணி அடிச்ச மாதிரி ஏறுதே? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உங்களுக்கு அப்படி என்னதான் சார் நடக்குது?"

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவருக்கு நடப்பது ஒன்றே ஒன்றுதான். பேனாவைத் திறந்து பூஜ்யம் போடுவார்.

அறையில் குளிர்சாதனம் ஓடியது. தராசுக்குக் காதுமடல் சுட்டது. இருபத்தெட்டு வருடமாக எத்தனை கடைக்காரர்களை இதே நிலையில் நிற்கவைத்திருப்பார்! 'தெரியாம பட்டுடுச்சு சார்' என்பார்கள். 'விரலுக்குத் தெரியாமலா?' என்று கேட்பார். இப்போது அவர் விரலைப் பார்த்துக்கொண்டார். பேனா மை ஒட்டியிருந்தது.

"டாக்டரம்மா, நான் தட்டுல கட்டைவிரலை வச்சுட்டேன்" என்றார்.

மாற்றல், டயர், சாவி, மச்சான், எல்லாவற்றையும் கொட்டினார். "அழுத்தம்னு ஒரு நம்பர் போட்டுட்டா, வலி பொய்யின்னு ஆயிடுமே. அதான்."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யார் சார் சொன்னா பொய்யின்னு? உங்க வேலையை வச்சே கேக்குறேன். ஒரு தராசுல கடுகு வச்சா ஒரு கிலோன்னு காட்டுது. என்ன அர்த்தம்?"

"தராசு பழுது."

"பழுது நிஜமா, கற்பனையா?"

"பழுதுல என்னம்மா கற்பனை?"

"அவ்வளவுதான். குடல்லேருந்து மூளைக்கு நரம்பு வழியா எந்நேரமும் தகவல் போகும். சிலருக்குச் சின்னத் தகவலையும் மூளை பெரிசாக் காட்டும். அழுத்தம் ஏறினா இன்னும் பெரிசாக் காட்டும். மூளை திருப்பிக் குடலையும் முடுக்கிவிடும். குழாய் விட்டுப் பாத்தா தெரியாது, ஏன்னா கடுகு கடுகாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு வலிக்கிறது ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவும் நிஜம் சார்."

பதினோரு வருடத்தில் அவருடைய பாஷையில் அவரிடம் பேசிய முதல் ஆள் அவள். தராசு பையைத் திறந்து மஞ்சள் நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதி, 'குறைபாடு: தட்டில் கட்டைவிரல்' என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். அவளும் ரசீது தருவதுபோல் இன்னொரு நோட்டைக் கொடுத்தாள். முதலிலிருந்து நாலு வாரம். அதோடு மனம்விட்டுப் பேசும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி என்று சிலவும்; சரியாகிவிடும் என்று அவள் சத்தியம் செய்யவில்லை, பலருக்குக் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கூடவே, இது நிஜமான நோய்தான் என்று ஒரு தாள். அதில் 'மூளை' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது.

மேலதிகாரி மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார். "மூளைன்னு இருக்கேய்யா. அப்ப மனசு சமாச்சாரம்தானே?"

"சார், கடுகுக்கு ஒரு கிலோ காட்டுற தராசு பழுதா இல்லையா?"

அந்த ஆபீசில் அதற்கு இல்லையென்று சொல்ல யாராலும் முடியாது. "பழுதுதான்" என்றவர், உடனே சுதாரித்துக்கொண்டார். "பழுதான தராசை என்ன பண்ணுவோம்? ரத்து பண்ணுவோம்."

"பதினேழாம் விதி சார். முதல்ல பழுதுபாக்க ஆறு மாசம் அவகாசம். அதுக்கப்புறமும் சரியா வரலைன்னாதான் ரத்து. அதுவரைக்கும் தராசு இருக்கிற இடத்தை மாத்தக் கூடாது."

மேலதிகாரி விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். மூடினார். தராசுகளுக்கான அதே படிவத்தில், கருவியின் பெயர் என்ற இடத்தில் ஆய்வாளரின் பெயரை எழுதி ஆறு மாதம் கொடுத்தார். மனிதர்களுக்கென்று தனிப் படிவம் அந்த இலாகாவில் இருந்ததில்லை.

ஞாயிறு மச்சான் வந்தார். விஷயம் தங்கை மூலம் போயிருந்தது. உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"பதினோரு வருஷமா நான் என்ன சொன்னேன்? மூளைதான்னு சொன்னேனா இல்லையா? இப்பப் படிச்சவங்களே சொல்லிட்டாங்கல்ல?"

மணி இரண்டு. தராசு நோட்டைத் திறந்தார். வலி ஆறு. அடுத்த பத்தியில் பேனா ஒரு கணம் தயங்கியது. ஒன்பது போட்டார். பக்கத்தில், 'மச்சான் வந்தார். பேசினார்.' என்று எழுதி நோட்டை நீட்டினார்.

"மச்சான், இதுல ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"எத்தனைண்ணே போட்டிருக்காரு?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒன்பது."

"பரவால்லையே. நான் பத்து போடுவாருன்னு நினைச்சேன்."

"ஒன்பதா மாப்பிள்ளை? அப்ப பத்து யாரு?"

"பத்துக்கு இன்னும் எடைக்கல் கிடைக்கல மச்சான். நீங்க அடிக்கடி வந்துட்டிருங்க."

மச்சான் கையெழுத்துப் போட்டார். அன்று பாக்கி நேரம் முழுக்க மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிப் போனார்.

நாலு மணிக்குத் தராசு கண்ணை மூடி யோசித்து வலிக்கு ஐந்து போட்டார். ஒன்று குறைந்திருந்தது. நம்பிக்கை வரவில்லை. பழக்கதோஷத்தில் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டி, முள் நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்து, மறுபடி ஒரு தடவை நிறுத்துப் பார்த்தார்.

ஐந்துதான்.