பச்சை வண்ணத்தில் அம்மாவின் மனை

அம்மாவின் மனைக்கு வரைபடத்தில் என்ன நிறம் என்ற கேள்வி எனக்கு வந்தபோது என் ஷூவுக்குள் தண்ணீர் இருந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு லேஅவுட்டில் அம்மா வாங்கியிருந்த மனையில் அன்று அடிக்கல் மந்திரிப்பு. ஃபாதர் செபத்தைத் தொடங்கியிருந்தார். கல்லுக்காகத் தோண்டிய குழியில் முதலில் ஈரம் கசிந்தது. பிறகு தண்ணீர் நிறைந்து, புல்லுக்கடியில் பரவி, எங்கள் கால்களுக்கு வந்துவிட்டது.

"தீர்த்தம் கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு ஃபாதர்," என்றாள் அம்மா. அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே செபத்தை முடித்தார்.

வரப்பு வழியே மண்வெட்டியோடு ஒரு பெண் வந்தார். பக்கத்து நெல்வயல் அவருடையது. எங்கள் தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பிறந்த ஊர், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் ஹனூர்ப் பக்கமாம்.

"கோவிச்சுக்காதீங்க, இது என்ற வயலுக்கு வர்ற தண்ணிங்க. கால்வாய்ல தொறந்து உட்டிருக்காங்க. நடுவால இருந்த வாய்க்கால லேஅவுட்டுக்காரங்க மண்ணக் கொட்டி மூடி ரோடு போட்டுட்டாங்க. அப்புறம் அது எங்கீங்க போகும்?"

"வருஷா வருஷம் வருமா அக்கா?"

"நான் நெல்லுப் போடற வரைக்கும் வருமுங்க. என்ற வயலும் ஒரு நாளைக்கு வீட்டு சைட்டாப் போயிருச்சுன்னா நிக்கும்." சிரித்துக்கொண்டே எங்கள் மனையின் ஓரத்தை வெட்டித் தண்ணீருக்கு வழி செய்துவிட்டார்.

நான் நகரத் திட்டமிடல் படித்து முடித்தவள். கல்லூரியில் வரைபடங்களுக்கு நிறம் கொடுத்தே பென்சில்கள் தீர்ந்திருக்கின்றன. மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் விவசாயம். அன்று மதியமே லேப்டாப்பைத் திறந்து அம்மாவின் மனையைத் தேடினேன். பச்சை. அந்தப் பச்சைக்குள் விவசாயி தன் நிலத்தில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம், அதற்கும் அளவு உண்டு. துண்டு போட்டு விற்று வீடு கட்ட அனுமதி இல்லை. "வீட்டு நிலமா கன்வர்ஷன் ஆயிரும், ஆயிரும்" என்று லேஅவுட்டுக்காரர்கள் சொன்னதை அம்மா நம்பியிருந்தாள். அவள் வாங்கியபோது எனக்குப் பரீட்சை. பத்திரத்தை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா நர்ஸ். அடுத்த வருடம் ஓய்வு. வீட்டில் நாங்கள் இருவர்தான், அதுவும் எப்போதும் வாடகை வீடு. "என் சவப்பெட்டி சொந்த வாசல்ல இருந்து கிளம்பணும், அஷ்டே, அவ்வளவுதான்" என்று வேடிக்கை போலச் சொல்வாள். வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும்.

சில மாதங்களில் நகரத்தின் புதிய திட்ட வரைவு வெளியானது. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். இந்தப் பகுதியை மஞ்சளாக மாற்றக் கேட்டு, கன்னடத்தில் அச்சடித்த மனு ஒன்றை லேஅவுட்டுக்காரர்கள் ஒவ்வொரு மனைக்காரருக்கும் கொடுத்துப் போனார்கள். அதற்குள் நானும் கன்னடத்தில் ஒரு மனுவை ஒரே மூச்சில் அடித்து முடித்திருந்தேன்: பச்சை பச்சையாகவே இருக்கட்டும், வாய்க்காலைத் திறக்க வேண்டும். ஆதாரமாக அம்மாவின் மனை எண், பக்கத்து நெல்வயலின் கதை. எழுதிவிட்டு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அம்மா கன்னடம் சரளமாகப் பேசுவாள், படிக்க வராது. மனைக்காரியான அவள் கையெழுத்துக்காக மேஜையில் இரண்டு தாள்களும் கிடந்தன. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"படி," என்றாள் அம்மா.

"எதை?"

"ரெண்டையும். படிச்சுக் காட்டாம வார்டுல ஒருத்தர்கிட்டயும் நான் கையெழுத்து வாங்கினதில்ல."

உண்மைதான். கட்டிட வேலையில் கால் ஒடிந்து வரும் தமிழ் ஆட்களுக்கு ஆபரேஷன் ஒப்புதல் படிவம் கன்னடத்தில் இருக்கும். யாரையாவது படிக்கச் சொல்லி, தமிழில் விளக்கி, அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வைத்த பிறகுதான் பேனாவைக் கொடுப்பாள்.

படித்தேன். அம்மா திருப்பிச் சொன்னாள்.

"மொதல் பேப்பர், எல்லாரும் வீடு கட்டிக்கறோம், விடுங்கன்னு கேக்குது. ரெண்டாவது..." என் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நெல்லு விளையட்டும், வாய்க்காலத் திறங்க, யாரும் இங்க வீடு கட்ட வேணாம். உதாரணத்துக்கு எங்கம்மா மனையப் பாருங்க. சரியா சொன்னேனா?"

"அம்மா..."

"சரியா, இல்லையா?"

"சரி."

"கல்லு நட்டாச்சு பாப்பா."

"கல்லு தண்ணியில நிக்குதும்மா. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இப்படியே மூடிட்டுப் போனா நாளைக்கு யார் வயலுக்கும் தண்ணி போகாது."

"சும்மா சும்னே கத்தாத." என் மனுவின் மேல் விரலை வைத்தாள். "வயக்காரம்மாவப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கியே, அவங்களுக்கு இதப் படிச்சுக் காட்டினியா?"

"அவங்களுக்கு நல்லதுதானே எழுதியிருக்கேன்?"

"ஆபரேஷன்கூட நல்லதுதான்டி."

'என்ற வயலும் ஒரு நாளைக்கு வீட்டு சைட்டாப் போயிருச்சுன்னா' என்று அந்த வயல்கார அக்கா சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது பயமா, ஆசையா? அவருடைய தண்ணீரை மனுவில் எழுதிய நான் அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டிருந்தேன். பச்சை என்று எழுதினால் அம்மாவின் கை மட்டும் கட்டப்படுவதில்லை, அவருடைய கையும்தான். நாளைக்கு மகள் கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்தால், விற்க நினைத்தாலும் மனையாக விற்க முடியாது. பச்சை இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவரைக் கேட்காமலே அவர் பெயரில் பேசிவிட்டேன்.

அம்மா இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. மனு கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

"வயக்காரம்மாவக் கேட்டு, அவங்க விக்கணும்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"அதையும் உன் பேப்பர்ல எழுது. நெல்லுதான் போடுவேன்னு சொன்னாங்கன்னா..." கண்ணாடியைக் கழற்றினாள். "என் கல்ல என்ன செய்யறதுன்னு அப்ப பேசலாம்."

சனிக்கிழமை அம்மாவுக்கு ஆஃப். வயலுக்குப் போகிறோம். இரண்டு மனுக்களையும் அந்த அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள எழுதாத தாள் ஒன்றையும் பையில் வைத்திருக்கிறேன். இந்த முறை ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போதும்.