உப்பு லாரிக் கணக்கில் குண்டு விமானம்

2005-இல் ஒரு நாள் காலை, மரக்காணம் பக்கத்து அனுமந்தை டீக்கடையில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். புதுச்சேரியில் எங்கள் பிரஸ்ஸில் பத்து மணிக்கு மெஷினில் ஏறவிருந்த பக்கங்களில் நான் போட்ட அட்டவணை ஒன்று இருந்தது. அது தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அரசு வேலைத் தேர்வுக்கான பொது அறிவு கைடு அது. நான் அங்கே சேர்ந்து இரண்டே மாதம். அதற்கு முன் ஆறு வருஷம் மரக்காணத்தில் எடைமேடை ஆபரேட்டர். உப்பு லாரி காலியாக வரும்போது ஒரு எடை, ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை. கழித்தால் உப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கைடில் கனரக குண்டுவீச்சு விமானங்களின் சுமைத் திறனை ஒப்பிட்டு ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்த பத்திரிகையில் காலி எடையும், பறக்கக் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையும் மட்டுமே இருந்தன. கை தானாகக் கழித்தது. அமெரிக்காவின் பி-52: 221-இல் 83 போக 138 டன். பி-1பி: 129. ரஷ்யாவின் டியூ-160: 165. ப்ரூஃப் பார்த்தவரும் கழித்துப் பார்த்து டிக் அடித்துவிட்டார்.

அந்தப் பெருமையைத்தான் டீக்கடையில் உப்பு லாரி டிரைவர் அந்தோணியிடம் அளந்துகொண்டிருந்தேன்.

"ஒரு பிளேன் நூத்தி முப்பத்தெட்டு டன் குண்டு தூக்குதுண்ணே. உங்க லாரி மாதிரி பதினஞ்சு!"

அவர் பன்னை டீயில் முக்கிக்கொண்டே கேட்டார். "ஏம்பா, அம்மாந்தூரம் போறதுக்கு டீசல் எங்க ஊத்துவான்? அது வெயிட்டு இல்லியா?"

லாரியில் டீசல் எடையை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. விமானத்தில்? டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனசு. என் இடத்தில் முன்பு வேலை பார்த்தவரை ஒரே ஒரு தப்பு அட்டவணைக்காக முதலாளி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். என் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

ஆபீசில் இருந்த தடி ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். பி-52 டேங்க் நிரம்பினால் எரிபொருளே ஏறக்குறைய 140 டன்; நான் கழித்து எடுத்த 138-ஐ அதுவே விழுங்கிவிடும். குண்டுச் சுமை சுமார் 31 டன்தான். பி-1பி உள்ளறைகளில் மட்டும் 34. டியூ-160 நாற்பது. எண்கள் தப்பானதோடு வரிசையும் புரண்டிருந்தது. பி-1பிக்கு மேலே பி-52-ஐ வைத்திருந்தேன். தேர்வில் இதையே கேட்டால், எங்களை நம்பிப் படித்த ஒருவருக்கு என்னால் மார்க் போகும். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மெஷின்மேன் பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்கண்ணே!" என்று கத்தியதில் முதலாளியே ரூமைவிட்டு வந்துவிட்டார்.

"என்னாய்யா?"

"சார், குண்டு விமான டேபிள் தப்பு சார். பெட்ரோல் வெயிட்டையும் சேத்து குண்டுன்னு போட்டுட்டேன்."

நான் சரியான எண்களைக் குறித்திருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதே மாதிரி கழிச்சுப் போட்டது வேற எத்தினி இருக்குது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. சரக்கு விமானம், ஹெலிகாப்டர் அட்டவணைகளையும் அப்படித்தான் போட்டிருந்தேன். "ரெண்டு இருக்குது சார்."

"மொதல்ல அத சரி பண்ணு. உன்ன வேலைல வச்சிக்கிறதா வேணாமான்னு அப்புறம் பேசலாம்."

அந்தப் பேச்சு வரவேயில்லை. நானும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் அங்கேயே ஓடியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என் கழித்தல் சரியாக இருந்தது. அதனால்தான் யாரும் தப்பைப் பிடிக்கவில்லை. ஒரு தப்பு கிடைத்தால் அதைத் திருத்திவிட்டு நிம்மதியாக எழுந்துவிடாதீர்கள். அதே கை வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்.