வரிசையில் எங்கே நின்றாலும்

ராகலைப் பாடசாலையில் நான் நிகழ்தகவு நடத்தும்போது பிள்ளைகள் எப்போதும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். பைக்குள் பந்துகள் இருக்கின்றன; ஒவ்வொருவராக ஒன்று எடுக்கிறோம்; எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை. சிவப்புப் பந்து கிடைக்கும் வாய்ப்பு முதலில் எடுப்பவருக்குக் கூடவா, கடைசியில் எடுப்பவருக்குக் கூடவா? எல்லோருக்கும் சமம் என்றால் நம்பவே மாட்டார்கள். எனக்குக் கோபம் வரும்.

போன மழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது; எப்போது சரியுமோ தெரியாது. ஒரே கூரைக்குக் கீழ் ஒட்டியொட்டி அறைகளாகக் கட்டிய லயத்தில் பத்துக் குடும்பங்கள். வேறிடத்தில் எங்களுக்கென்று கட்டி முடித்த புது வீடுகளோ ஆறுதான். மிச்ச நாலு குடும்பமும் அடுத்த வீடுகள் வரும்வரை மேட்டுக்கு அடியிலேயே கிடக்க வேண்டும். கோயில் வாசலில் சீட்டுக் குலுக்குவது என்று முடிவானது. ஆறு சீட்டில் ‘வீடு’ என்று எழுதி, நாலை வெறுமனே மடித்து, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார்கள்.

வரிசையில் ஒரே தள்ளுமுள்ளு. அம்மாவும் முண்டியடிக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“எல்லாரும் அள்ளிட்டுப் போன பொறகு நமக்கு என்னாடி மிஞ்சும்?”

“வெறுஞ்சீட்டையும் சேத்துத்தானே அள்ளிட்டுப் போவாங்க. எங்க நின்னாலும் ஒண்ணுதாம்மா. சும்மா இடிபடாதீங்க.”

அம்மா முணுமுணுத்துக்கொண்டே கடைசிக்கு வந்தார். மூன்றாவதாக நின்றிருந்த பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காம்பராவுக்கும் அவருடையதுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவர் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது, நெரிசலில் அது சிணுங்கிக்கொண்டிருந்தது.

“டீச்சரே சொல்றாங்க, அப்புறம் என்னா” என்று தன் இடத்தை விட்டுவிட்டு, அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். ஒருவராவது கணக்கை நம்பினாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் இரண்டு பேருக்கும் வீடு விழுந்தது. மூன்றாவதாக, அக்கா விட்ட இடத்துக்கு நகர்ந்தவருக்கும் வீடு. நாலாவது வெறுமை. ஐந்தாவது மறுபடி வீடு. டின்னில் மிஞ்சிய ஐந்தில் இரண்டுதான் வீடு என்று என் மனம் தானாகவே எண்ணியது. அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பில் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கினால் சாக்பீஸால் அடித்துத் திருத்திவிட்டுப் போய்விடுவேன். இங்கே டின்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த இரண்டும் வெறுமை. மூன்று சீட்டில் இரண்டு வீடு என்றானதும் மூச்சு வந்தது. எட்டாவது ஆளுக்கு வீடு விழ, அந்த மூச்சும் போனது. இனி இரண்டு சீட்டு, இரண்டு பேர், ஒரு வீடு.

அக்கா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு டின்னுக்குள் கையை விட்டார். ஒன்றைத் தொட்டார், அதை விட்டார், மற்றதை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். எதுவும் எழுதியிருக்கவில்லை.

அம்மாவின் சீட்டைப் பிரிக்கவே தேவையில்லை. அது வீடுதான். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அம்மா சீட்டை எடுத்து மடிப்புக் கலையாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, தலை நிமிராமல் நின்றார்.

அக்கா என் பக்கம் வந்தார்.

“டீச்சர், முன்னுக்கே நின்னிருந்தாலும் இதேதானே?”

குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆமாம் என்று நான் சொல்லவேண்டும் என்றுதான் கேட்டார். சீட்டு எடுப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் சமம்தான், அதில் பிழையில்லை. ஆனால் மூன்றாவது சீட்டில் என்ன இருந்தது என்பதை நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம். அவர் கேட்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி.

“ஆமாங்கக்கா” என்றேன்.

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு, குழந்தையை மறுபடி இடுப்புக்கு மாற்றிக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கினார்.