ஈரம் கேட்ட பொடி

ஆமத்தூரிலிருந்து தினமும் வேனில் பட்டாசு கம்பெனிக்குப் போய்வந்தவள் என் அம்மா. பொடி நமுத்துப்போனால் வேலையே கெட்டது என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

இரண்டாயிரங்களின் நடுவில், வெளியூர் ஆய்வகம் ஒன்றில் சோடியம் கோபால்ட் ஆக்சைடு என்ற கறுப்புப் பொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கோபால்ட்டும் ஆக்சிஜனும் சேர்ந்த தட்டையான அடுக்குகள், அவற்றின் நடுவே சோடியம். அந்த இடுக்குகளில் தண்ணீர் புகுந்து அடுக்குகள் விலகினால்தான், கடுங்குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும்.

எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் சோதனைக்கு முந்தைய நாள், பொடி ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. ஓவனில் வைத்து நன்றாகக் காயவைத்துவிட்டேன். மறுநாள் எவ்வளவு குளிர்வித்தும் மின்தடை மறையவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், விலகியிருந்த அடுக்குகள் மறுபடி நெருங்கியிருந்தன. மூன்று வார உழைப்பு வீண்.

சாயங்காலம் போனில் அம்மாவிடம் புலம்பினேன்.

“பொடிய ஈரத்தோட வைக்கணும்னு எந்தக் கிறுக்குப்பய சொன்னான்?” என்று எனக்காகக் கோபப்பட்டாள்.

ஆய்வுக் குறிப்பேடு எதிரே திறந்து கிடந்தது. முதல் பக்கத்தில், ‘ஈரம் போகவே கூடாது’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தது. என் கையெழுத்துதான்.