மாத்திரையும் புதன்கிழமைப் பேச்சும்

எண்ணூருக்குப் பயணிகள் படகு விடப்போகிறேன் என்று ராயபுரம் முழுக்க நான் சொல்லித் திரிந்த வாரத்தில், ஐந்து நாளாகக் கண்ணை மூடியிருக்கவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. மற்றவர்கள்தான் அநியாயத்துக்குத் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் மூன்று தடவை எனக்கு அப்படி ஆகியிருந்தது. சில வாரங்கள் தரையில் கால் பாவாது. ஊரில் எல்லாருக்கும் யோசனை சொல்வேன், எல்லாரையும் கட்டிப் பிடிப்பேன். அப்புறம் சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். குளிக்கச் சொன்னால்கூட அழுகை வரும். இப்போது அதற்கு இருமுனைக் கோளாறு என்று பேர் சொல்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் அதற்கு இரண்டு பேர். நான் மேலே இருந்தால் காற்று, கீழே இருந்தால் செய்வினை. அம்மன் கோயிலில் வேப்பிலை அடித்தார்கள். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த தோஸ்து வண்ணாரப்பேட்டைக்காரன், முஸ்லிம். அவன் தர்காவுக்கு அழைத்துப் போய் ஓதிய தண்ணீர் குடிக்கவைத்தான். ஆக வடசென்னையில் எந்தத் தெய்வத்துக்கும் என்னை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

படகுக்கு வருகிறேன். கொருக்குப்பேட்டைப் பக்கம் கால்வாயில் உப்பு ஏற்றி வரும் படகுக்காரர் ஒருவரைப் பேசியே மடக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவே கிளம்பிவிட்டது. நாற்பது பேர் இருக்கும். புளிச்சோறு, பாய், கைக்குழந்தை எல்லாம் வந்தன. நான் இரவல் வாங்கிய வெள்ளைக் கால்சட்டையில் படகின் முனையில் நின்றுகொண்டு, இந்த இடத்தில் ஒரு ஸ்டேஷன், அந்த இடத்தில் ஒரு டீக்கடை என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தேன். தண்ணீர் வற்றுகிற நேரம், எண்ணூர் வரை போகாது என்று படகுக்காரர் ஏறும்போதே சொல்லியிருந்தார். கடலையே தினம் பார்க்கிற எனக்குக் கால்வாயைப் பற்றிப் பாடம் வேண்டாம் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்தது. கழி போட்டுத் தள்ளியும் அசையவில்லை. ஜனங்கள் ஒவ்வொருவராகத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொடையளவு சேற்றில் இறங்கிக் கரையேறினார்கள். நான் மட்டும் முனையில் நின்று பேசிக்கொண்டே இருந்தேன்.

கரையிலிருந்து என் மனைவி கத்தினாள். "எறங்குய்யா! கப்பலு நின்னு ஒரு மணி நேரம் ஆவுது!"

கடைசியில் தோஸ்துதான் வந்து என்னைத் தோளில் போட்டுத் தூக்கினான். நான் அவன் புஜத்தைக் கடித்துவிட்டேன். "இன்னா மாமு, கவுச்சி துன்னு நாளாச்சா?" என்று கேட்டானே தவிர, என்னைக் கீழே போடவில்லை.

மறுநாள் குதிரை வண்டியில் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் முரண்டு பிடிக்காமல் வண்டியில் ஏறினதற்குக் காரணம், அங்கே இருக்கும் பெரிய டாக்டர் படகு விஷயமாக என்னிடம் யோசனை கேட்க விரும்புகிறார் என்று தோஸ்து சொன்னதுதான். நான் நம்பினேன். கேட்டால்தானே அவருக்கும் நல்லது?

உள்ளே ஆறு வாரம் வைத்திருந்தார்கள். சர்ப்பகந்தி என்ற வேரிலிருந்து எடுத்த மாத்திரையைக் கொடுத்தார்கள். போட்ட நாலைந்து நாளில் என் பேச்சு தணிந்தது. பத்து நாளில் தூக்கம் வந்தது. அதோடு மூக்கும் அடைத்துக்கொண்டது. அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம். வீடு திரும்பியபின் கருவாடு வறுத்தாலும் தெரியாது, சாக்கடை பொங்கினாலும் தெரியாது. "ராயபுரத்துல கலீஜ் வாசனையே தெரியாத ஒரே ஆளு நீதான்யா, குடுத்துவெச்ச ஜென்மம்" என்பாள் மனைவி.

துறைமுகத்தில் இனி கிரேனில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். கிடங்கில் கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. நாளெல்லாம் உட்கார்ந்த இடம், கையில் கயிறு. ஒரு மாதம் மாத்திரை போட்டுப் பார்த்தேன். எனக்குத்தான் குணமாகிவிட்டதே, இந்த மாத்திரை எதற்கு என்று தோன்றியது. மனைவி கண்ணெதிரில் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக் காட்டுவேன். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, பின்பக்கம் போய்ச் சுவரோரம் துப்பிவிடுவேன்.

என்னைக் காட்டிக் கொடுத்தது பக்கத்து வீட்டுக் கோழி. அந்தச் சுவரோரம் கொத்தித் தின்கிற பெட்டைக்கோழி ஒன்று, விடிந்தும் எழுந்திருக்காமல் பகலெல்லாம் தூங்கி வழிந்தது. கோழிக்குச் சீக்கு என்று பக்கத்து வீட்டம்மாள் புலம்பினாள். என் மனைவி கோழியைத் தூக்கிப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கோழிக்கு இன்னாத்துக்குய்யா பைத்தியத்துக்கு மாத்திரை?" என்றாள்.

அவள் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. துறைமுகத்தை எப்படி நடத்த வேண்டும் என்று இருபது பக்கம் எழுதி மேலதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மாத்திரை. இந்தத் தடவை வெளியே வந்ததும் நேரே கீழே போய்விட்டேன். பாயில் சுருண்டு கிடந்தேன். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுவந்தாலும் மென்று விழுங்க அலுப்பாக இருந்தது. கடற்கரைப் பக்கம் தனியே போகக்கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். காரணத்தை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரிடம் என்னைக் காட்டினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும். இந்த மாத்திரையே சிலரைக் கீழே இழுத்துவிடும் என்று சொல்லி, அளவைப் பாதியாக்கினார். பிறகு, "புதன்கிழமை புதன்கிழமை மத்தியானம் வாங்க. அரை மணி நேரம் பேசுவோம்" என்றார்.

அந்தச் சோர்விலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "பேச்சு ஜாஸ்தியானதுதான் சார் என் வியாதியே."

"அது நீங்க பேசுனது. இப்ப நாம பேசுவோம்" என்றார்.

முதல் சில வாரங்கள் அவருக்கு என் பாஷை புரியவில்லை. 'பேஜாரா கீது' என்றேன். துக்கமா, கோபமா, சலிப்பா என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் மூன்றும்தான். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வாரா வாரம், "இன்னிக்கு எந்தப் பேஜாரு? முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்பார். அந்தத் தஞ்சாவூர் நாக்கில் 'பேஜாரு' படுகிற பாட்டைக் கேட்கவே புதன்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. உள்ளே இருப்பதை இப்படிப் பிரித்துப் பேர் சொல்லலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கொஞ்சம் எழுந்து உட்கார்ந்த பிறகு கோழிக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்துவிட்டு, "ஏன் துப்புனீங்க?" என்று கேட்டார்.

"அதான் மாத்திரை குடுக்கிறீங்களே சார். அது பாத்துக்காதா? பேச்சு இன்னாத்துக்கு?"

"மாத்திரை உங்களைத் தூங்க வைக்கும். என்னை ஏன் துப்பினீங்கன்னு அது உங்களைக் கேக்காது. அதை நான்தான் கேக்கணும்."

இரண்டு வாரம் கழித்துத்தான் பதில் என்னை அறியாமல் வந்துவிட்டது. "படகு முனையில நின்னவன் பெரிய ஆளு சார். மாத்திரை போட்டா கயிறு எடுத்துக் குடுக்கிறவன்தான் மிச்சம்." சொல்லிவிட்டு அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் பெரிய ஆள்தான் என்றும் சொல்லவில்லை. பிறகு, அடுத்த தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அவள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். படகு போன நாளை அவளைச் சொல்லச் சொன்னார். நான் அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கிடங்கில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் அதே மாதிரிதான் சொல்வாள் என்று நினைத்தேன்.

"எல்லாருக்கும் சிரிப்புதான் சார். பக்கத்து வூட்டம்மா கைக்கொயந்தையோட சேத்துல எறங்குச்சு. இடுப்பு வரைக்கும் பூட்ச்சு. கொயந்தைய எங்கையில தூக்கிக் குடுத்துட்டு, நான் பூடுவேன்டி, இதப் பாத்துக்கன்னுச்சு. நாலு பேரு சேந்து இய்த்தாங்க. இந்தாளு மேல நின்னுகினு ஸ்டேஷன் எங்க வெக்கலாம்னு என்னிய கேக்குது."

எனக்கு அது தெரியவே தெரியாது. பத்தடி தூரத்தில் நடந்திருக்கிறது. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"எப்ப சொல்றது? மேல கீறப்ப காது கேக்காது. கீய கீறப்ப சொன்னா இன்னும் கீய பூடுவே."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கோயி விசயமாவா?" என்றாள். அதற்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரத்திலிருந்து ஒரு நாள்கூட மாத்திரையைத் துப்பவில்லை. மூக்கடைப்புப் போகவில்லை, படகு முனையில் நின்றவன் மேல் இருந்த ஆசையும் முழுக்கப் போகவில்லை. ஆனால் இடுப்பு வரை சேற்றில் நின்ற ஒருத்தியைப் பார்க்காத கண் அவனுடையது என்பது தெரிந்துவிட்டது.

பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து, எனக்கு ஏறப்போகிறது என்பதற்கு முதல் அடையாளங்கள் என்னென்ன என்று எழுதினோம். நான் இரண்டு சொன்னேன். மனைவி பதினொன்று சொன்னாள். விசில் அடிப்பது, சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போடுவது, தெருநாய்க்கு உபதேசம் செய்வது எல்லாம் அதில் உண்டு. அந்தக் காகிதம் கையில் வந்ததும் அவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சவரம் செய்யும்போது கொஞ்சம் வாய் குவிந்தால் போதும், "இன்னாய்யா விசிலு?" என்று வந்து நிற்பாள். ஒரு மனுஷன் சந்தோஷமாகவே இருக்கக்கூடாதா என்று டாக்டரிடம் புகார் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். வெறும் விசில் தாராளமாக அடிக்கலாம். தொடர்ந்து இரண்டு நாள் தூக்கமில்லாமல் அடித்தால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

துறைமுகத்தில் அந்தப் பொறுப்பைத் தோஸ்து எடுத்துக்கொண்டான். "மாமு, இன்னிக்கி மூணு பேருக்கு புத்தி சொல்லிட்டே. நாலாவது ஆளுக்கு சொன்னா டாக்டராண்ட இட்டுகினு பூடுவேன்" என்பான், கடிபட்ட புஜத்தைத் தடவிக்கொண்டே.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு காலையில் கிடங்குக்குள் நுழைந்தபோது கயிற்றுச் சுருள்கள் எல்லாம் எனக்காகவே பளபளப்பது போல இருந்தது. முந்தின இரண்டு நாளும் தூக்கமில்லை. கயிறுகளை நிறத்தின்படி அடுக்கினால் துறைமுகத்தின் வேலையே பாதியாகிவிடும் என்று தோன்றியது. உடனே மேலதிகாரியிடம் ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. பாதி தூரம் போனவன் நின்றேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். அன்றைக்குப் புதன்கிழமைகூட இல்லை.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சார், எனக்கு ஒரு அருமையான யோசனை வந்துகீது. அதான் வந்தேன்" என்றேன்.

அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாத்திரை அளவைக் கூட்டினார், ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார், மூன்று நாளைக்கு ஒரு தடவை வரவழைத்துப் பேசினார். மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது. வார்டுக்குப் போகவில்லை, யாரையும் கடிக்கவில்லை.

கிரேன் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. டாக்டர் சான்றிதழ் கொடுத்தும் துறைமுகத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அது வலித்தது, பல வருஷம் வலித்தது. பிற்பாடு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவும் நேர்ந்தது. மாத்திரைகள் மாறின, பேர்கள் மாறின. வேலையை மட்டும் விடாமல் பார்த்து ஓய்வு பெற்றேன்.

அந்த டாக்டருக்கு மூன்றாம் வருஷம் மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். நாக்கை நீட்டச் சொல்வார், தூங்கினாயா என்பார், சீட்டு எழுதிக் கொடுப்பார். இரண்டே நிமிஷம். போன வேகத்தில் நான் திரும்பி வந்ததைப் பார்த்த மனைவி, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மறு புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்ததும் டீ போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. இன்னிக்கு எந்தப் பேஜாரு?" என்றாள், அப்படியே தஞ்சாவூர்க் குரலில்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்காமல், தூக்கம், சாப்பாடு, கிடங்கு என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். முடிந்ததும், விளையாட்டாக நானும் டாக்டர் மாதிரிக் கேட்டேன். "நீங்க எப்பிடி இருக்கீங்க? தூக்கம் வருதா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க வருது? நீ மூச்சு வுடறியா, மேல ஏறிகினு கீறியான்னு பாத்துகினே பொயுது பூடுது. கண்ணாலமான மறு வருசத்துலேர்ந்து நான் முயுசா தூங்குனதே இல்லய்யா."

அத்தனை புதன்கிழமைகளில் அவளை யாரும் இதைக் கேட்டதில்லை, நான் உட்பட. அன்றைக்கு மேலே ஒன்றும் கேட்காமல், அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தேன். டீ ஆறிப் போயிற்று. அதற்குப் பிறகு புதன்கிழமை என்றால் முதல் அரை மணி அவளுக்கு, அடுத்த அரை மணி எனக்கு. என் முறை வருவதற்குள் பெரும்பாலும் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அது நல்ல அடையாளம் என்று அவள் காகிதத்தில் குறித்துக்கொள்வாள்.