சவுரிராயன் கேட்ட கூலி

கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டுதான் சவுரிராயன் பேசுவார். புகையிலை என்று நினைத்து, துப்பிவிட்டு வரச் சொன்ன ஸ்டேஷன் மாஸ்டர்கள் உண்டு. அவர்களுக்கு வாயைத் திறந்து காட்டுவார். உள்ளே இருப்பது கிளாரினெட்டின் சீவாளி, ஒரு மெல்லிய நாணல் சில்லு. "காய்ஞ்சா கத்தும் சார். ஊறினாத்தான் பாடும்" என்பார்.

விழுப்புரம் ஜங்ஷனில் அவருக்குப் பாயிண்ட்ஸ்மேன் வேலை. தண்டவாளம் பிரிகிற இடத்தில் நெம்புகோலை இழுத்து, பாண்டிச்சேரி வண்டியைப் பாண்டிச்சேரிக்கும் காட்பாடி வண்டியைக் காட்பாடிக்கும் அனுப்புகிறவர். நாற்பது வயது இருக்கும். கருத்த, குட்டையான உடம்பு. இழுத்து இழுத்து வலது தோள் மட்டும் தனியாகப் புடைத்துக்கொண்டிருக்கும். ஓய்வு நாள் வந்தால் பழைய ரயில்வே கோட்டை மாட்டிக்கொண்டு பேண்டுக்காரர் ஆகிவிடுவார். கோட்டின் பித்தளைப் பொத்தான்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். புதுச்சேரியில் சர்க்கார் பேண்டில் வாசித்து ஓய்ந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டவர் என்பதால், கல்யாண ஊர்வலத்தில்கூட அவர் கால் பட்டாளத்துக் கணக்கில்தான் போகும்.

அவர் பேண்டில் ஐந்து பேர், எல்லாரும் ரயில்வே சிப்பந்திகள். மூன்று கல்யாணத்துக்குப் பணம் வாங்கினால் நாலாவதற்கு வாங்க மாட்டார். சேரிப் பிள்ளைகள் மாடு மேய்க்கிற வீடாகப் பார்த்து அந்த நாலாவதை ஒப்புக்கொள்வார்.

"காசு வேணாங்க ஐயா. மாடு மேய்க்கிற புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு வுட்டுடுங்க. அதான் எங்க கூலி."

அவரைச் சேர்ந்த ஜனங்கள் எஜமான் என்ற அர்த்தத்தில் 'ஆண்டே' என்று கூப்பிடுகிற வீட்டு வாசலில் நின்று அவர் 'ஐயா' என்பார். அதிலேயே சிலருக்கு முகம் சுருங்கிவிடும்.

பெரிய மேளம் அடிக்கும் அந்தோணிசாமிக்கு இந்த ஏற்பாடு அறவே பிடிக்காது. "புள்ளைங்க படிச்சா என் வயிறு ரொம்புமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"அடுத்த கல்யாணத்துல ரொம்பும். இப்ப ஜல்தியா மேளத்த தூக்கு."

ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருந்த ஒரு நாள், ஏன் இப்படி என்று நான் சவுரிராயனைக் கேட்டேன். சீவாளியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது கூட்ஸ் வண்டிங்க சார். பெட்டி மேல எழுதி இருக்கறத பாத்துப் பாத்து இங்கிலீஷ் எழுத்து வந்துட்டுது. தமிழ்ல எம் பேர எழுத முப்பது வயசாச்சி. ரொம்ப பேஜாரு சார் அது."

சென்ற ஆனி மாதம், திண்டிவனம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பா மகனுக்குக் கிளியனூரில் பெண் எடுத்தோம். மாப்பிள்ளை அழைப்புக்கு இங்கிலீஷ் பேண்டு வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பிடிவாதம். பெண்ணின் தகப்பனார் தாண்டவராயன் ஊரில் பெரிய பண்ணைக்காரர். விழுப்புரத்துக்கே போய்ச் சவுரிராயனைப் பேசிவிட்டு வந்தார்.

"அவ்ளோதானா உங் கூலி? கொட்டாயில மூணு உருப்படி கீது. மூணையும் அனுப்பறேன் போ" என்று பந்தலில் எங்கள் எதிரிலேயே சவுரிராயனிடம் சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு அது சிரிப்பு. கிளியனூர்ச் சேரியில் இருக்கும் கூரைக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு அது ஆயுள். ஜெயம் என்ற டீச்சரம்மாள் ஒருத்திதான் அதை நடத்துகிறாள். இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவளிடம் இருந்தவர்கள் பதினேழு பேர்.

ஊர்வலம் அமர்க்களமாக நடந்தது. பேண்டுக்குப் பின்னால் அந்த மூன்று பிள்ளைகளும் குதித்துக்கொண்டே வந்தார்கள். மண்ணாங்கட்டி, துரைக்கண்ணு என்று இரண்டு பையன்கள். சின்னபொண்ணு என்று ஒரு சிறுமி. பள்ளிக்கூடம் போகப்போகிறோம் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. மாடுகளோடு ஏரிப் பக்கம் போய்விட்டார்கள். ஜெயம் டீச்சர் பஸ் கண்டக்டர் மூலம் விழுப்புரத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை கிளியனூரில் பெண் வீட்டில் மறுவீட்டு விருந்து. இலையில் சோறு விழுந்து, நாங்கள் முதல் கவளம் எடுத்த சமயம். தெருவில் கிளாரினெட் சத்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்த அதே பாட்டு. மேளம் இல்லை. நான் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டோடு சவுரிராயன் நடுத்தெருவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். மற்ற நால்வரும் பஸ் நிற்கிற இடத்தோடு நின்றுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அழைக்காமல் அந்தத் தெருவுக்குள் வாத்தியத்தோடு வந்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குள்ளாகவே இரண்டு வீடுகளிலிருந்து தடியோடு ஆட்கள் இறங்கிவிட்டார்கள்.

பாட்டு பாதியில் கீச்சென்று உடைந்தது. அவர் சீவாளியைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டார். கன்னத்தை இப்படியும் அப்படியும் அசைத்தார். எச்சில் ஊறவில்லை. பயத்தில் வாய் வறண்டுவிட்டிருந்தது.

"ஏய்! எவன்டா உன்ன கூப்ட்டது?" என்று தாண்டவராயன் பாய்ந்து வந்தார்.

"கல்யாணத்துக்கு நீங்கதான் கூப்ட்டீங்க ஐயா."

"அது முடிஞ்சி எத்தினி நாளாச்சி!"

"எங்களுக்கு இன்னும் முடியலீங்க. கூலி வரல. கூலி வர்ற வரைக்கும் வாசிச்சிக்கினுதான இருக்கணும்?"

ஒருவன் கிளாரினெட்டைப் பற்றி இழுத்தான். சவுரிராயன் விடவில்லை. எதிர்த்துக் கை ஓங்கவும் இல்லை. வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து நின்றார். முதல் அடி முதுகில் விழப் போகிறது என்று எதிர்பார்த்தவர் போல் இருந்தது அந்த நிலை.

அப்போது புதுப்பெண் அம்சவள்ளி பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். கையில் சோற்றுப் பருக்கை அப்படியே இருந்தது.

"யப்பா, இவருக்கு இன்னா பாக்கி வச்ச?"

"ஒண்ணுமில்லம்மா. நீ உள்ள போ."

"மூணு புள்ளைங்க தாயி" என்றார் சவுரிராயன், குனிந்தபடியே. "பள்ளிக்கூடத்துக்கு வுடறேன்னு ஐயா பந்தல்ல வாக்கு குடுத்தாரு."

அம்சவள்ளி தகப்பனாரைப் பார்த்தாள். "எங் கல்யாணத்துக்கு வாசிச்சவரு தெருவுல நின்னுக்கினு மனசு நொந்து போனா, நான் போற எடத்துல நல்லா இருப்பனா? குடுத்து அனுப்பு. அது வரைக்கும் நான் எலையில உக்கார மாட்டேன்."

எங்கள் பக்கத்தார் எல்லாரும் வாசலில் வந்து நின்றுவிட்டோம். மாப்பிள்ளையும் எழுந்து வந்து மனைவி பக்கத்தில் நின்றான். தாண்டவராயன் சம்பந்திகளைப் பார்த்தார். மகளின் கையில் காய்ந்துகொண்டிருந்த பருக்கையைப் பார்த்தார்.

"போவட்டும்!" என்றார் தரையைப் பார்த்து. "ஆனா பொழுது எறங்கனா மாடு கொட்டாயில இருக்கணும். எளங்கன்ன எவன் பாத்துக்கறது? அதுக்கு அதுங்கதான் ஜவாப்பு."

"நல்லதுங்க ஐயா."

தடிகள் தாழ்ந்தன. அம்சவள்ளி உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டு வந்து, தானே ஊற்றினாள். சவுரிராயன் இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுச் சீவாளியைப் பொருத்தினார். உடைந்த இடத்திலிருந்து எடுத்து அந்தப் பாட்டை முழுக்க வாசித்து முடித்தார். நான் கேட்டதில் அவர் வாசிப்பு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது அன்றைக்குத்தான்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் திண்டிவனம் பஸ் மறுநாள் காலை வழக்கம்போல் வந்து சேரவில்லை. காத்திருந்து சலித்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தேன். ராத்திரி சேரியிலேயே தங்கிவிட்ட சவுரிராயன் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மண்ணாங்கட்டியும் துரைக்கண்ணும் தலையில் எண்ணெய் வழிய உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். சின்னபொண்ணைக் காணோம். டீச்சர் வாசலுக்கும் பலகைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "பத்தொம்பதுண்ணே" என்றாள் ஒரு தடவை. அவர் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறின பிறகு வரப்பில் ஒரு தலை தெரிந்தது. சின்னபொண்ணு வந்தாள், ஒரு கன்றுக்குட்டியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு. "இத்த வுட்டுட்டு வந்தா ஒதைப்பாங்க டீச்சர்" என்றாள் மூச்சு வாங்க.

"கட்டிட்டு வாடி, கட்டிட்டு வா!" ஜெயம் டீச்சருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. சிறுமியின் பெயரை எழுதிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். "இருவது ஆச்சிண்ணே. இனிமே மூட மாட்டாங்க."

சவுரிராயன் "உம்" என்றார்.

கன்றுக்குட்டியைக் கொட்டகைக் காலில் கட்டிவிட்டுச் சின்னபொண்ணு மணலில் எழுத உட்கார்ந்தாள். அது கத்தியது. எழுந்து ஓடிப் போய்த் தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள். 'அ'வின் சுழி முடிவதற்குள் அது கூரைக் கீற்றை இழுத்தது. மறுபடி எழுந்தாள். மூன்றாவது தடவை அவள் எழுவதற்கு முன் சவுரிராயன் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கன்றை அவிழ்த்துப் பூவரச மரத்தடிக்கு நடத்திப் போனார். நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, கயிற்றின் நுனியைத் தன் கால் கட்டைவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டு, மரத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.