நசரத்பேட்டைக் காயலான் கடையில் ஒரு விமானத்தின் மீட்டர்கள்

ஒன்றரை மாதமாக என் வாட்ஸப்பில் மங்கலான படங்கள் வந்துகொண்டிருந்தன. அனுப்பியவர் ஏழுமலை, பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் காயலான் கடை வைத்திருப்பவர். பழைய ராணுவ விமானங்களின் மீட்டர்களைப் பற்றி நான் எழுதும் பதிவுகளைப் படித்துவிட்டு, தன்னிடம் வந்த ஒரு மரப்பெட்டிச் சரக்கு எந்த விமானத்தினுடையது என்று கேட்டிருந்தார். நெடுஞ்சாலையில் புதிதாக ஓட்டல் கட்டும் ஒருவர், போர் விமானச் சாமானாக இருந்தால் சுவரில் மாட்ட வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்க ஏழுமலைக்கு மனமில்லை.

எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. கையில் எடுத்துப் பார்க்காமல் எந்த மீட்டரைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. பொங்கல் விடுமுறைக்கு நெமிலிச்சேரியில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன். சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

8.10க்கு நெமிலிச்சேரியில் மின்சார ரயில். ஆவடி மூன்றாவது நிறுத்தம், டிக்கெட் ஐந்து ரூபாய். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. பருத்திப்பட்டு வரை உட்கார இடமில்லை, கரையான்சாவடியில் நெரிசல். நாற்பது நிமிடம் பிடித்தது. பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். காயலான் கடைக்குப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் திரும்பி என் பையைப் பார்த்தார். "இன்னாமா, பழைய இரும்பு பாக்கவா இம்மாந்தூரம் வந்துகினு கீறீங்க?" ஆமாம் என்றேன். ரசனைக்காரர், கடை வாசலிலேயே இறக்கிவிட்டார். மணி 9.50.

ஏழுமலைக்கு நாற்பது வயதிருக்கும். மேசையைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து, சாமான்களை வரிசையாக வைத்திருந்தார். உயரம் காட்டும் மீட்டர் ஒன்று, திரும்பும் வேகம் காட்டுவது ஒன்று, விமானி பிடிக்கும் கைப்பிடி, பச்சைப் பெயின்ட் அடித்த பலகைத் துண்டு. வேகம் காட்டும் மீட்டர் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, கைபேசியில் அதன் பழைய படம் ஒன்றைக் காட்டினார். கைப்பிடியில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. அதைத் தொடாமல் விரலால் சுட்டினார். "சுடற பட்டன் மேடம். சண்ட பிளேன்துன்னுதான் குட்த்தவரு சொன்னாரு."

இந்த மாதிரிச் சாமானில் நான் முதலில் பார்ப்பது அளவு. உயரம் அடியிலும், வேகம் 'நாட்' என்னும் கடல்மைல் கணக்கிலும் இருந்தால் பெரும்பாலும் ஆங்கிலேய வகை. மீட்டரிலும் கிலோமீட்டரிலும் இருந்து எழுத்தும் புரியாவிட்டால் ரஷ்ய வகை. இங்கே எல்லாம் அடி, நாட். மீட்டரின் முதுகில் சின்னக் கிரீட முத்திரையும் இருந்தது. அடுத்து, வேகமானி எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும். ஏழுமலையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முள் ஓடும் வட்டம் இருநூறு 'நாட்' அளவோடு முடிந்துவிட்டது. ஜெட் போர் விமானத்துக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

கடைசியாகக் கைப்பிடி. பட்டனுக்குப் பக்கத்தில் தேய்ந்த எழுத்து ஏதோ தெரிந்தது. சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடைத்ததும் வெள்ளையாக எழுந்து வந்தது. ரேடியோவில் பேசுவதற்கு அமுக்கும் பட்டன் அது.

பயிற்சி விமானம். மூக்கில் விசிறி போலக் காற்றாடி சுழலும் வகை. எந்த மாடல் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் போருக்குப் போனது இல்லை. சொன்னதும் ஏழுமலையின் முகம் வாடிவிட்டது. டீ சொல்லி அனுப்பினார்.

அந்த இடைவெளியில் பையிலிருந்து கதிர்வீச்சு மீட்டரை எடுத்தேன். பழைய விமான முட்களில் இருட்டில் தெரிவதற்காக ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருப்பார்கள். உள்ளே நுழைந்ததுமே இதைச் செய்திருக்க வேண்டும். ஆர்வத்தில் மறந்துபோனேன். கடைக்குள் நிமிடத்துக்கு இருபது தட்டல் கேட்டது, அது எங்கும் கேட்பதுதான். மற்ற சாமான்களிலும் அதேதான். உயரமானிக்கு மேல் கொண்டுபோனதும் தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரைச்சலாகிவிட்டன.

ரேடியம் என்றேன். ஏழுமலை சிரித்தார். "ரேடியம்னா வண்டில ஒட்ற ஸ்டிக்கர்தானே மேடம்? நம்பர் பிளேட்டு கடைல விக்கிறான்."

அதற்குப் பேர் மட்டும்தான் ரேடியம், இது நிஜமானது என்று விளக்கினேன். இருட்டில் மின்னுவது சில பத்தாண்டுகளில் நின்றுவிடும். மின்னவில்லை என்பதால் செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கண்ணாடி முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. திறந்து சுரண்டினால் தூள் மூச்சில் போகும், கையில் ஒட்டும்.

அவர் சிரிப்பு நின்றது. போன மாதம் வேகமானியை அவர் திறந்திருக்கிறார். பழைய பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டி, புதுசு அடித்து, கடிகார மோட்டார் பொருத்தி, வீட்டில் மாட்டியிருக்கிறார். பிள்ளைகள் படுக்கும் அறையில்.

வீடு கடைக்குப் பின்னாலேயே. அவர் மனைவி மல்லிகா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்பவர், அன்று விடுமுறை. வாசலிலேயே ஏழுமலை விஷயத்தைச் சொல்லிவிட்டார். மல்லிகா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அறைக்குள் போய்ப் பெண்கள் இருவரையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து, "நீங்க பாருங்கக்கா" என்றார்.

நாற்காலி மேல் ஏறி மீட்டரைக் கடிகாரத்தின் மேல் வைத்தேன். முழுதாக ஐந்து நிமிடம். நிமிடத்துக்குப் பத்தொன்பது, இருபத்தொன்று, பதினெட்டு. கட்டில், தலையணை, தரை, கடையில் சுரண்டிய கத்தி, அவர் விரல் நகங்கள், எங்கே வைத்தாலும் அதே கணக்கு. அவர் சுரண்டியது ரேடியமே இல்லை, சாதாரண வெள்ளைப் பெயின்ட். முன்பு வேறு பட்டறையில் அதைப் புதுப்பித்திருக்கலாம்.

மல்லிகா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே எதயாச்சும் தொறக்கறதுக்கு மின்ன கேட்டுட்டுத் தொற. கேக்கறதுக்கு ஆளு கீதுல்ல."

என் மீட்டர் சின்னது, அதன் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு இல்லை என்றும் சொன்னேன். உயரமானியைக் கையுறை போட்டு இரண்டு கவரில் சுற்றி, மூடியுள்ள பெயின்ட் டின்னில் வைத்து, ஆள் புழங்காத கொட்டகையில் பூட்டினோம். கதிர்வீச்சுக்குப் பொறுப்பான அரசு அலுவலகத்துக்கு மூவரும் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினோம். அந்த உயரமானி, எனக்கே வேண்டும் என்று பல வருஷமாகத் தேடிய மாடல். எடுத்துப் போங்கள் என்று ஏழுமலை சொல்லவும் செய்தார். ரயிலில் அதை மடியில் வைத்துப் போக எனக்கு உரிமையில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஓட்டல்காரருக்கு ஏழுமலை போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். "சண்ட பிளேன் இல்லீங்க சார். கத்துக்கற பிளேன்." நிஜமாகப் பறந்ததா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. பறந்தது என்றார் ஏழுமலை. கைப்பிடியையும் பலகையையும் எடுத்து வைக்கச் சொன்னார் ஓட்டல்காரர். மல்லிகா எனக்கு மத்தியானச் சாப்பாடு போட்டார், மீன் குழம்பு. 3.20க்கு மன நிறைவோடு பூந்தமல்லி ஆட்டோவில் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து அதிகாரிகள் இருவர் வந்து வீட்டையும் கடையையும் அளந்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி, டின்னைத் தங்கள் வண்டியில் கொண்டுபோனதாக மல்லிகா போனில் சொன்னார்.

இந்தப் பக்கம் தேடப் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் லாரிகள் வந்துவிடும். சாக்பீஸ், டார்ச், பூதக்கண்ணாடி, கையுறை போதும். கதிர்வீச்சு மீட்டர் ஏழாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது, நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். கடைக்காரரிடம், என்ன சரக்கு இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். நான் இத்தனை வருஷமாக அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதுவரை எதையாவது திறந்தீர்களா, அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.